முதல் எண்

...ஐந்தாம் எண் என்றிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன், ஆனால் நேரம் குறிக்கிற கெவ் பலகையில் எழுதியிருப்பது முதல் எண், என் பெயர், கிளெனிஸ் டாரன்ட், எண்பத்தொரு வயது ரெஜ்ஜுக்குப் பக்கத்தில்... எங்கள் குளிர்கால நீச்சல் சங்கத்தில் கெவ் ஒன்று, இரண்டு என்று எண்ண, அவரவர் எண் வரும்போது குதிக்க வேண்டும், மெதுவானவர்கள் முதலில், எண்ணிக்கை ஏற ஏற வேகமானவர்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாக நான் கடைசியில் குதிப்பவள், முன்னால் போகிற ஒவ்வொருவரையும் பிடித்து முந்துகிறவள். கடிகாரம் பழுது என்று கெவ்விடம் சண்டைக்குப் போனேனே, அறுபத்தெட்டு வயதில், வெட்கமில்லாமல்... கடிகாரம் நல்லாத்தான் இருக்கு டாக்டர் என்றான், சிரிக்கக்கூட இல்லை, சிரித்திருந்தால் தேவலை. தென்கோளத்து ஜூலைக் குளிர்காற்று முதுகைக் குத்துகிறது, அலை கடலோரக் குளத்துச் சுவரைத் தாண்டி விழுகிறது, பெஞ்சில் என் நோயாளி வெர்னா, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, மடியில் சூப் குவளை. என்னைப் பார்க்கிறாளா? இல்லை, கடலைப் பார்க்கிறாள்.

போன மாதம் என் அறையில் உட்கார்ந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், படியில் தடுமாறுது, ஒரு கைத்தடி வாங்கிக்கட்டுமா என்று. வேண்டாம் என்றேன், தடியைப் பிடித்தால் வயதாகிவிடும், கால் பழகிவிட்டால் விடாது, நட, தினமும் கொஞ்சம் கூடுதலாக நட... நல்ல வைத்தியம்தான், எத்தனை பேரை எழுப்பி நடக்கவைத்திருக்கிறேன், ஆனால் அவள் காலை அழுத்திப் பார்த்தேனா, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேனா? இல்லை. அவளுடைய கோப்பில் 'முயற்சி போதாது' என்று தட்டினேன், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வியாழக்கிழமை தோட்டத்துப் படியில் விழுந்தாள். என்னால்தான் விழுந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்பேன், நீந்தி முடித்ததும்... ஏன் முடித்ததும்? எனக்கு எப்போதும் எதையாவது முதலில் முடித்தாக வேண்டும். நாளைக்கு மாவுக்கட்டைக் காட்ட என்னிடம் வருகிறாள், அப்போது கேட்கலாமா, மேஜைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு...

"டாக்டர், உங்க எண்ணு போயி எவ்வளவு நேரமாச்சு," வெர்னாவின் குரல். ரெஜ் பாதிக் குளம் போய்விட்டார், கெவ் பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கொண்டிருக்கிறான், நான் மட்டும் கடைசி ஆள்போல நிற்கிறேன், கடவுளே, கால் பழகிவிட்டால் விடாது என்று நான்தானே சொன்னேன்... குதித்தேன். தண்ணீர் நெஞ்சைப் பிடித்தது. பிடிக்க வேண்டிய ரெஜ் எட்டவில்லை, பின்னாலிருந்து ஒருவர், இருவர் என்று என்னைத் தாண்டிப் போனார்கள், தோள் வலித்தது, இந்தத் தோளோடு ஒருத்தி என் அறைக்கு வந்தால் என்ன எழுதியிருப்பேன்? சுவரைத் தொட்டபோது எல்லோரும் கரையேறியிருந்தார்கள். பாசி படிந்த படியில் இரண்டு முறை கால் வழுக்கியது. நிமிர்ந்தால், கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு வெர்னா, நல்ல கையால் ஒரு புத்தம்புதுக் கைத்தடியை என் பக்கம் நீட்டுகிறாள், ரப்பர் முனையில் விலைச்சீட்டின் பசை இன்னும் போகவில்லை.

"புடிங்க. வயசு ஒண்ணும் கூடிடாது."

பிடித்தேன், அவள்மேல் பாரம் விழாதபடி, மெல்ல. மன்னிச்சிரு வெர்னா என்று சொல்ல வாயைத் திறந்தேன், பல் கிட்டித்துப்போயிருந்தது, குளிரால்தான் என்று அவள் நினைத்திருப்பாள், நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்... மேலே வந்த பிறகும் தடியை ஏன் விடவில்லை என்று தெரியவில்லை.