நல்ல தண்ணி வரும் நாள்

மாரீஸ்வரி அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதே, பக்கத்து வீட்டு ஜக்கம்மா எழுந்து போய்த் தெருக்குழாயைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்று நல்ல தண்ணி வரும் நாள்.

ஆண்டிபட்டிக்குக் கிழக்கே அந்தத் தெருவில் குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணி. வாயில் வைக்க முடியாத உப்பு. விருந்தாளி வந்தால் கேன் தண்ணி. சோறு பொங்கவும் குடிக்கவும், எட்டு நாளைக்கு ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு, ஒரே ஒரு மணி நேரம் குழாயில் வருவதுதான் நல்ல தண்ணி. ஆனால் தெருவில் பிணம் கிடந்தால், எடுக்கிற வரைக்கும் யாரும் குடம் வைக்கமாட்டார்கள்.

அப்பா அம்மாவாசி விடிகாலையில், காப்பி ஆறுவதற்குள் போய்விட்டார். தம்பி சுரேஷ்கண்ணன் மேகமலையில் ஏலத்தோட்டத்தில் இருந்தான். பஸ் பிடித்து, சின்னமனூர் இறங்கி, தேனி வந்து, இங்கே வந்துசேர மூன்று மணியாகிவிடும். அவன் இருந்த லயத்தில், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளில், மலைத்தண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும், யாரும் மூடுவதில்லை என்று முன்பு சொல்லியிருக்கிறான். அப்பா அதை நம்பவில்லை. அப்பாவும் அவனும் பேசி இரண்டு வருடமாகிறது.

போனில் அவன் அழவில்லை. "மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கிறேங்க்கா. அதுக்குள்ள தூக்க விட்றாத" என்றான்.

பன்னிரண்டு மணிக்குச் சித்தப்பா வந்து, வெயில் கடுமையாக இருக்கிறது, உடம்பு தாங்காது, ஒன்றரைக்கெல்லாம் எடுத்துவிடலாம் என்றார். சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தம்பி வரட்டும் என்றாள் மாரீஸ்வரி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

இருபது வருடம் குழாயடியில் அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் ஜக்கம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இருக்கையிலயும் எங்கொடத்தத் தள்ளி வச்சாக. போகையிலயும் தண்ணி புடிக்க விடாமப் போறாக பாரு" என்றாள். பக்கத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

இரண்டு மணிக்குக் குழாய் செருமியது. முதலில் காற்று, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். குழாயின் திருகு உடைந்து பல மாதமாகிறது. சிமெண்டுத் தரையில் விழுந்து சாக்கடைக்கு ஓடும் அந்தச் சத்தத்தைப் பெண்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரி நின்றுபோயிருந்தது.

மாரீஸ்வரி எழுந்தாள். அவிழ்ந்த தலையோடு அடுப்படிக்குப் போய்க் குடத்தை எடுத்தாள்.

"எங்கத்தா போற? பொணம் உள்ள கெடக்கு" என்றார் சித்தப்பா.

"அப்பாவக் குளிப்பாட்டணும்."

"அதுக்குத்தான் ட்ரம்முல ரொப்பி வச்சிருக்கே."

"அது உப்புத் தண்ணி சித்தப்பா."

ஆயுசு முழுக்க உப்புத் தண்ணியிலேயே குளித்தவர் அப்பா. நல்ல தண்ணியில் முகம் கழுவினாள் என்று சின்ன வயதில் அவளை அடித்திருக்கிறார்.

அவள் தெருவில் இறங்கிக் குடத்தை வைத்தாள். நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"போயிப் புடிங்கத்த. தம்பி வர இன்னும் நேரமிருக்கு" என்றாள் ஜக்கம்மாவிடம்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஜக்கம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக, சத்தமில்லாமல், பந்தியிலிருந்து பாதியில் எழுவது போல எழுந்து போனார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் மாரீஸ்வரி மட்டும் மிஞ்சினாள். அவர் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்பு தெருமுனையில் ஆட்டோ நின்றது. அந்த வெயிலில், கழற்ற மறந்த ஸ்வெட்டரோடு சுரேஷ்கண்ணன் இறங்கினான். தெருவை அடைத்துக் குடங்கள் நின்றன. பெண்கள் அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி வழி விட்டார்கள். குழாயடியில் ஜக்கம்மாவின் குடம் நிறைந்து வழியத் தொடங்கியது. அவன் வீட்டுக்குள் நுழையும் வரை யாரும் அதை எடுக்கக் குனியவில்லை.