இரண்டு கோப்பையும் ஒரே நேரத்தில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. சிங்கப்பூரில் ஒரு சிற்றிதழ் ஆசிரியர், இரண்டு அரசாங்கங்கள் கூட்டாக நடத்திச் சில வருடங்களில் மூடிய விமான நிறுவனம் ஒன்றின் வரலாற்றைக் கேட்டார். "சுவாரசியமா வேணாம், சரியா இருந்தாப் போதும்" என்றார். எனக்கு இரண்டுமே வராது என்பது அவருக்குத் தெரியாது.

நிஜமாகவே அப்படி ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் தேதி தவறும், யாராவது கடிதம் போடுவார்கள். ஆகவே செலாட் ஏர்வேஸை நானே கட்டினேன். செலாட் என்றால் மலாயில் நீரிணை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே கிடக்கும் தண்ணீரின் பெயர் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: பொன்னான ஒரு காலைப் பொழுதில் இரு நாட்டு அமைச்சர்களும்

[வேண்டாம்.]

இரண்டாவது: வானத்துக்கு எல்லைகள் இல்லை என்று

[இதை எழுதிய கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டேன்.]

மூன்றாவது: ஒரு அரசாங்கம் லண்டனுக்குப் பறக்க வேண்டும் என்றது. இன்னொன்று மலேசியாவுக்குள்ளேயே கோத்தா பாருவுக்குப் பறந்தால் போதும் என்றது. ஆறு வருடம் இதையே பேசினார்கள். 1972இல் பிரிந்துவிடுவது என்று முடிவானது. இரு தரப்பும் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அது.

வரலாறு முடிந்தது. ஐந்து வரி. மீதிப் பக்கத்துக்குத்தான் ருகாயா.

3

ருகாயா சிங்கப்பூரில் கேலாங் செராயில் பிறந்தவள். செலாட்டில் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.* அந்த ஆறு வருடமும் அவளோடு ஒரே சமையல் மூலையில் முழங்கை இடிக்க நின்றவள் கான் சுவீ லியான். சீனப் பெண், மூவார்க்காரி. மலேசியாவின் ஜொகூரில் இருக்கிறது மூவார். அம்மா, அண்ணன், சீக்குப் பிடித்த ஒரு வாத்து எல்லாம் அங்கே.

இரு நாட்டு அதிகாரிகள் ஒன்றாகப் பறந்தால் யாருக்கு முதலில் காப்பி என்று ஒரு தகராறு வரும். அதற்கு இவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நடைபாதையில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, சத்து, டுவா, தீகா என்று மலாயில் உதட்டுக்குள் எண்ணி, இரண்டு கோப்பையையும் ஒரே நேரத்தில் இறக்குவார்கள். அந்த நிறுவனத்தில் கூட்டாக ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

*இப்போது எண்பதை நெருங்கும் ஒருவரை 'அவள்' என்பது மரியாதையா என்று ருகாயாவிடமே கேட்டேன். "அப்ப எனக்கு இருபத்தேழு. அவளையே எழுதுங்க" என்றார். நானே கட்டிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர் வீட்டில் நான் எப்படித் தேநீர் குடித்தேன் என்று கேட்காதீர்கள். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

4

யார் எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போவது என்று ஊழியர்களே எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரின் பாயா லேபார் விமான நிலைய அலுவலகத்தில் ஒலிவேரோ என்ற அதிகாரி படிவத்தை நீட்டினார். அதில் ஏற்கெனவே பென்சிலால் ஒரு குறி.

"இதென்ன சார்?"

"உனக்கு கோலாலம்பூர்னு போட்டு வச்சிருக்கேன். நீ பேனாவால எழுதிட்டா போதும்."

"யாரு கேட்டா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? நீ மலாய்க்காரி."

"நான் பொறந்தது இங்கேருந்து பஸ்ல பத்து நிமிஷம் சார். கோலாலம்பூர்ல எனக்குத் தெரிஞ்சது ஓட்டல் ரூம் மட்டுந்தான்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி" என்றார் ஒலிவேரோ. கெட்டவர் இல்லை, பட்டியலைச் சீக்கிரம் முடிக்க நினைத்தார்.

வெளியே சுவீ லியான் தன் படிவத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். "எனக்கு சிங்கப்பூராம். மூஞ்சியப் பாத்தே எழுதிட்டாரு. எங்கம்மா மூவார்ல இருக்குறது என் மூஞ்சியில தெரியல போல."

இருவரும் சிரித்தார்கள். முதலில் நின்றது ருகாயாவின் சிரிப்பு. இருவரும் அவரவர் ஊரை எழுதினால் பிரிவார்கள். பென்சிலை அப்படியே விட்டாலும் பிரிவார்கள். ஒருத்தி மட்டும் அந்த அவமானத்தை விழுங்கினால்தான் ஒன்றாக இருக்க முடியும். யார் அந்த ஒருத்தி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

5

வெள்ளிக்கிழமை மதியம், கோலாலம்பூர் விமானம். முன்வரிசையில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒரு அரசின் அதிகாரி, அந்தப் பக்கம் மற்றதன் அதிகாரி. கோப்பைகள் ஒன்றாக இறங்கின.

கோலாலம்பூர்க்காரர் ருகாயாவைப் பார்த்து வாஞ்சையாகச் சொன்னார்: "அடுத்த மாசத்துலேருந்து நீ நம்ம பொண்ணு."

ருகாயா அந்தக் காப்பியை அப்படியே அவர் மடியில்

[இல்லை. கொட்டவில்லை. கொட்டியிருக்கலாம் என்று எனக்குத்தான் ஆசை.]

"இல்ல துவான். எனக்கு வீடு கேலாங்" என்றாள். துவான் என்றால் மலாயில் ஐயா.

மறுபக்கத்துச் சிங்கப்பூர்க்காரர் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. சுவீ லியானுக்கு அது பொறுக்கவில்லை. "துவான் சிரிக்க வேணாம். நான் மூவார். நான் அந்தப் பக்கம்."

இரண்டு அதிகாரிகளும், ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஒரே மாதிரி விழித்தார்கள்.

இறங்கும் நேரம். பணிப்பெண்களின் மடக்கு இருக்கையில் தோளோடு தோள்.

"சொல்லிட்டியே" என்றாள் ருகாயா.

"நீதானடி முதல்ல சொன்ன."

இருவரும் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினார்கள்.

6

இங்கே ஒரு முடிவு வரிசையில் நிற்கிறது. ருகாயா தோழிக்காகக் கோலாலம்பூர் என்று எழுதுகிறாள். அதே நேரம் தோழி இவளுக்காக சிங்கப்பூர் என்று எழுதுகிறாள். நீங்கள் மூக்கை உறிஞ்சுகிறீர்கள். எழுதினேன், படித்தேன், கிழித்தேன்.

நடந்தது இது. சாயங்காலம் திரும்பி வந்ததும் இருவரும் பென்சிலை அழித்துவிட்டு அவரவர் ஊரைப் பேனாவால் எழுதினார்கள். ஒலிவேரோ பட்டியலில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினார். மொத்த எண்ணிக்கை மாறாததால் அவருக்குச் சிரமமில்லை. ருகாயா அதன்பின் இருபது வருடம் பறந்தாள். மூலையில் அவளோடு நின்ற யாருக்கும் சத்து, டுவா, தீகா எண்ணும் தேவை வரவில்லை.

அடுத்த வருடம் பாங்காக்கில் இரு நிறுவன விமானங்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இருவருக்கும் நாற்பது நிமிடம் கிடைத்தது.

"என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் சண்டை. யாரு விட்டுக் குடுத்திருக்கணும்னு."

"மிச்சம் அஞ்சு நிமிஷம்?"

ருகாயா எழுந்து, இன்னொரு கோப்பை தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இல்லை. உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன். அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ருகாயா தமிழ் தெரிந்த யாரையாவது விட்டுப் படித்துச் சொல்லக் கேட்பார். சுவீ லியானுக்கும் தொலைபேசியில் வாசிக்கப்படும்.

[                              ]