அஞ்சாவது முடிச்சு

மல்லாங்கிணறுக்குத் தெற்கே ஐந்து பங்காளிகளுக்கு ஒரே கிணறு. ஆளுக்கு ஒருநாள் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கலாம். முறையில் சந்தேகம் வந்தால் ஆண்டிச்சாமியைத்தான் கேட்பார்கள். ஒருநாளும் தப்பியதில்லை. அந்தப் பெருமையில் மனுசன் மீசையைக் கீழே இறக்கியதே கிடையாது.

உண்மை வேறு. அவர் பெண்டாட்டி முத்துலட்சுமி விடிந்ததும் முந்தானையில் நாளுக்கொரு முடிச்சுப் போடுவாள். ஐந்து ஆனதும் மறுநாள் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குவாள். யுத்தகாலத்துக் கண்ட்ரோலில் அளந்து கொடுத்த சேலை இரண்டுதான் அவளுக்கு; சேலை மாற்றினாலும் கணக்குப் பிசகாமல் முடிந்துகொள்வாள். கஞ்சி ஊற்றக் குனிகிறபோது ஆண்டிச்சாமி ஓரக்கண்ணால் எண்ணிக்கொள்வார். கட்டினவள் முந்தானையைப் பார்ப்பது களவா என்று சமாதானம் வேறு.

சித்திரை வெயிலில் மிளகாய்ச் செடி துவண்டு கிடந்த ஒரு காலையில் ஐந்து முடிச்சு தெரிந்தது. ஐந்தாம் நாள் அவர் முறை. நேற்று எத்தனை பார்த்தோம் என்று அவருக்கு நினைவில்லை. மனசில் வைக்கிற பழக்கம் போய் வருஷக்கணக்காச்சு.

கிணற்றடியில் செல்லப்பாண்டி மாடு பூட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, இன்னைக்கு என் முறைல்ல?"

"நாலாவது நான்ணே. மூணாவதுக்காரவுக வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் போயி கமலை ஓடாமக் கெடந்தது ஒருநாதான? இன்னைக்குத் தண்ணி பாயலைன்னா செடி பூராம் போயிரும்ணே."

"ரெண்டு நாளுடா. ஒன் முறையும் அதுலயே போச்சு."

சுற்றி நின்றவர்கள், "ஆண்டிச்சாமி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். செல்லப்பாண்டிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான்.

வெயிலேறக் கூழோடு வந்த முத்துலட்சுமி, கடைசி முடிச்சை அவிழ்த்துப் புகையிலை கிள்ளி வாயில் போட்டாள். "சுருக்குப்பை அந்துபோச்சு" என்றாள்.

ஆண்டிச்சாமி எண்ணிப் பார்த்தார்; மீதி நாலு முடிச்சுதான். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பயல் செடி செத்துப்போகும். மாட்டை நிறுத்திவிட்டுச் செல்லப்பாண்டியிடம் ஓடினார்.

"தப்பு என்னுதுடா, ஒடனே மாட்டப் பூட்டு!" என்றவர், அங்கிருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இத்தன வருசமாச் சொன்னது என் புத்தி இல்ல. என் பெஞ்சாதி முந்தானை."

சிரித்தார்கள். செல்லப்பாண்டிக்குச் சிரிக்க நேரமில்லை, கிணற்றுக்குப் பறந்தான்.

திரும்பி வந்தவர் மீசை தொங்கியிருந்தது. "இனிமே ஊருக்கு நீயே சொல்லு புள்ள. ஞாபகமெல்லாம் ஒன் முடிச்சுலதான இருக்கு."

"எனக்கெதுக்கு முடிச்சு? நாளு எனக்குத் தெரியாதா? கஞ்சி குடிக்கையில நீங்க எட்டி எட்டிப் பாக்கீகளேன்னுதான் போட்டுக்கிட்டு வாறேன்."

அவர் கூழ்ச்சட்டியை எடுத்துக் குடிக்கக் குனிந்தார்.

"இனிமே பொகையிலைய இடுப்புல சொருகிக்கிறேன்" என்றாள்.