விரால் இருந்த ஒருசந்தி

மாதாவிடம் நேர்ச்சை வைத்தபோது ஏசம்மாள் மீனை நினைத்துப் பார்க்கவில்லை. பட்டாளத்துக்குப் போன மகன் சின்னத்துரையிடமிருந்து நான்கு மாதமாகக் காகிதம் இல்லை. பர்மா பக்கம் சண்டை என்கிற அளவுக்குத்தான் ராஜபாளையத்துக்குச் சேதி வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முழங்காலில் நின்று, மகன் கைப்பட எழுதிய காகிதம் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் கறி, கருவாடு என்று எந்தக் கவிச்சியும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்தது அவளும், பஞ்சு மில்லில் வேலை பார்க்கிற மருமகள் சந்தனமேரியும்தான். மருமகளிடம் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள்.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டை ஒட்டிய முடுக்கில் கல்தொட்டிக்குள் கிடந்த விரால் ஞாபகத்துக்கு வந்தது.

சோழபுரம் கண்மாய் வற்றிய வருஷம் சின்னத்துரை சேற்றிலிருந்து எடுத்துவந்த குஞ்சு அது. இப்போது முழங்கை நீளம். அவன் விசிலடித்தால் மேலே வரும், கையிலிருந்து மண்புழுவை வாங்கித் தின்னும். ரயிலேறும் அன்று பெண்டாட்டியிடம் என்ன சொன்னானோ, தாயிடம் சொன்னது ஒன்றுதான்.

"எம்மா, விராலப் பாத்துக்கோ. அதுவும் நம்ம வீட்டு ஆளு."

அவனே நம்ம வீட்டு ஆள் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, நேர்ச்சையில் அதை மட்டும் எப்படி விடுவது? மண்புழு கவிச்சியா இல்லையா என்று ஏசம்மாள் அரைநாள் யோசித்தாள். உயிர் இருக்கிறது, நெளிகிறது. கவிச்சிதான் என்று முடிவு கட்டினாள். மறுநாளிலிருந்து விராலுக்குச் சோற்று உருண்டை.

விரால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொரி போட்டாள், அவித்த கடலை போட்டாள், கடைசியில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சுடுகிற இட்லியை அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் மெனக்கெட்டுச் சுட்டுப் பிய்த்துப் போட்டாள். எல்லாம் ஊறி நாறியதுதான் மிச்சம்.

"இட்டிலிய வேண்டாங்குத ஜென்மத்த இப்பத்தான் பாக்கேன்" என்று தொட்டியைக் கழுவிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் விரால் அடியோடு அடியாகப் படுத்துவிட்டது. தலைக்குப் பின்னால், மில்லில் பறக்கிற பஞ்சு ஒட்டிக்கொண்டதுபோல வெள்ளையாக ஒரு புண். ஏசம்மாள் தண்ணீரை மாற்றினாள், கல்லுப்பைக் கரைத்து ஊற்றினாள், மீனைத் தூக்கி ஈரத்துணியில் கிடத்திப் புண்ணில் மஞ்சள் தடவினாள். அது வாலைக்கூட அடிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மறுநாள் காலை மண்பானையில் மீனை விட்டு, வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். மாடும் ஆடும் நின்ற வரிசையில் பானையோடு நின்றவளை ஊர் வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள்.

டாக்டர் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தீனி போடுதீங்க?" என்று கேட்டார்.

"சோறு."

"விரால் எங்கம்மா சோறு திங்கும்? உப்பும் மஞ்சளும் சரிதான். வயித்துக்கு இல்லாம புண்ணு எப்படி ஆறும்? புழுப்பூச்சி போடுங்க. இல்லன்னா ஒரு மாசம் தாங்காது."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஏசம்மாள் பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். புழு போட்டால் நேர்ச்சை முறியும். முறிந்தால் மகனுக்கு என்ன ஆகுமோ. போடாவிட்டால் மகன் ஒப்படைத்துவிட்டுப் போன உயிர் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் பழி தன் தலையில்தான் என்று பட்டது. வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை மருமகளிடம் ஒப்பித்துவிட்டு, "மாதா பாத்துக்கிடுவா" என்று படுத்துக்கொண்டாள்.

மாதா பார்த்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் விரால் மேலே வந்தது. இரண்டாவது வாரம் புண் சுருங்கியது. சோற்று உருண்டை மட்டும் போட்டபடியே கிடந்தது. ஏசம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எங்க வீட்டு விரால் ஒருசந்தி இருக்கு, கவிச்சியே தொடல" என்று கோயிலில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் சொன்னாள். நாலைந்து பேர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மில் சங்கு ஊதுமுன் அவளுக்கு விழிப்பு வந்தது. முடுக்கில் தண்ணீர் சளப்பென்றது. வேலைக்குக் கிளம்பியிருந்த சந்தனமேரி, கையில் பவுடர் டப்பாவோடு தொட்டிமேல் குனிந்திருந்தாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

சந்தனமேரி டப்பாவை மறைக்கவில்லை. "புழு போடுதேன் அத்தை."

"எம்புட்டு நாளா?"

"நீங்க ஆஸ்பத்திரி போய்ட்டு வந்த மறுநாளையிலருந்து."

"எம்புள்ள உசுருக்காக வச்ச நேர்ச்சைட்டி அது. அவனுக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"அவியளுக்கு ஒண்ணும் இல்ல. வந்ததும் பெட்டியக்கூட எறக்கி வைக்காம இந்தத் தொட்டியத்தான் எட்டிப் பாப்பாவ. அன்னைக்கு இது இருக்கணும். நான் யோசிச்சது அவ்வளவுதான் அத்தை."

சங்கு ஊதியது. சந்தனமேரி கையைக் கழுவிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம்வரை ஏசம்மாள் கொதித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று வார்த்தைகளை அடுக்கிவைத்தாள். அடுக்க அடுக்க, மருமகள் சொன்ன பெட்டிதான் கண்முன் வந்து நின்றது. அந்தப் பெண்ணுக்கு அவன் பெட்டியோடு முடுக்கில் நுழைவது தெரிகிறது. தனக்கு என்ன தெரிந்தது? போன மாதம், வெளியூரில் செத்து உடம்புகூடக் கிடைக்காமல் போனவர்களுக்கு என்ன பூசை வைப்பார்கள் என்று பூசைக்கு மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்திருந்தாள் ஏசம்மாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. நினைத்ததும் வெட்கத்தில் உடம்பு கூசியது.

எழுந்து மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "நேர்ச்சை நான் வச்சது. நானே இருந்துக்கிடுதேன் தாயே. அவளையும் மீனையும் விட்டுரு" என்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, பரணில் பானைக்குள் முடங்கிக்கிடந்த கருவாட்டை மருமகளுக்காக ஊறப்போட்டாள். முடுக்குக் கோடியில், வாழை மூட்டில் குளிக்கிற தண்ணீர் ஓடி ஈரமாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள்.

தபால்காரர் சங்கரலிங்கம் வருகிற நேரம் அது. தினமும் தெருமுனைக்கே போய் அவரை மறிப்பவளை இன்று காணோம் என்று அவரே முடுக்கு வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"அக்கா, இன்னைக்கும் காயிதம் இல்ல."

"வரும்யா. நீ போ" என்றாள் ஏசம்மாள், முழங்கைவரை சேற்றோடு.

அவர் போனதும் ஒரு புழுவைப் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். விசிலடிக்க உதட்டைக் குவித்துப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. "ஏலே" என்று கூப்பிட்டாள். விரால் மேலே வந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.