கிரேஸ் ஹார்ட்லியின் வாரிசு

பென்சில்வேனியாவின் அந்தப் பகுதியில் பழைய கல்லறைகளை டேசி அளவுக்குத் தேடி அலைந்தவர்கள் கிடையாது. கல்யாணம் ஆகாதவள். படுக்கையில் விழுந்த அம்மாவை ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வம்சம் தேடினாள். தேடச் சொன்னது அக்கா லெட்டிஷியா, நூற்பாலை முதலாளியின் மனைவி. மன்னர் வழி வந்த பெண்களுக்கென்று பிலடெல்பியாவில் ஒரு சங்கம் இருந்தது. அதில் இடம் கிடைத்தால் பெரிய வீடுகளின் கதவு திறக்கும்.

"நீ கண்டுபிடி. ரெண்டு பேருமே சேர்ந்துடலாம்" என்று சொல்லியிருந்தாள்.

டேசி கண்டுபிடித்தாள். அவர்கள் குடும்பத்தில் முதலில் கப்பலேறி வந்தவள் கிரேஸ் ஹார்ட்லி. நீதிபதிக்குத் தலைவணங்க மாட்டேன் என்று இங்கிலாந்தில் சிறையிருந்த க்வேக்கர் பெண். பொய் சொல்லக் கூடாது, எந்த மனிதருக்கும் தலைவணங்கக் கூடாது என்பது அந்தக் கிறிஸ்தவச் சபையின் கொள்கை. கிரேஸின் தாய்வழிப் பாட்டனார் நொடித்துப்போன ஒரு பிரபு. அவர் வழியாக மேலே போனால் மூன்றாம் எட்வர்ட் மன்னர். நடுவில் ஒரு தலைமுறைகூட விடுபடவில்லை.

அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, நாமெல்லாம் ராஜா வீட்டு ஜனங்கள் என்று டேசி சொல்லிச் சிரித்தாள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சங்கத்துப் பெண்களை லெட்டிஷியா தேநீருக்கு அழைத்தாள். டேசி சாம்பல் நிறப் பட்டில் புது உடுப்பு தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். தலைவி அவளுடைய உழைப்பைப் பாராட்டிவிட்டு, சகோதரிகள் இருவரும்தானே சேர்கிறீர்கள் என்று கேட்டாள்.

லெட்டிஷியா தேநீரைக் கலக்கியபடியே பதில் சொன்னாள்.

"நான் மட்டும்தான். இவளை அனாதை விடுதியிலேர்ந்து எடுத்துட்டு வந்தாங்க. இவ யார் பெத்த பிள்ளையோ."

பெண்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். டேசி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்க்கா?"

"சின்ன வயசுலேர்ந்தே. இப்ப மறைச்சா சங்கத்துக்குப் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். நாம க்வேக்கர் இல்லையா, டேசி?"

வீட்டுக்கு வந்ததும் டேசி உடுப்பைக்கூட மாற்றாமல் அம்மாவின் கட்டிலருகே நின்று கேட்டாள். அம்மா மறுக்கவில்லை.

"பெத்த பொண்ணு கல்யாணமாகிப் போயிடுவா. வயசான காலத்துல பாத்துக்க ஒரு பொண்ணு வேணும்னு உங்கப்பா சொன்னார். விடுதியில நீதான் திடமா இருந்தே." பிறகு, "கால் சில்லுனு இருக்கு, போர்வையை இழுத்து விடு" என்றாள்.

டேசி இழுத்துவிட்டாள்.

மறுநாள் காலை பக்கத்துப் பண்ணையில் வண்டி கேட்டு வாங்கி, அம்மாவை வைக்கோல் மெத்தையோடு ஏற்றிக்கொண்டு போய் லெட்டிஷியாவின் முன்கூடத்தில் இறக்கினாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எனக்குச் செஞ்சு பழக்கமே இல்லையேடி" என்றாள் லெட்டிஷியா.

"உங்கம்மாதானே. பழகிக்கோ."

அம்மா டேசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டேசி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வண்டியேறினாள்.

லெட்டிஷியா அம்மாவை மாடியில் பின்னறையில் போட்டாள். வேலைக்காரி ஊட்டினால் அம்மா வாய் திறக்கவில்லை, டேசியைத்தான் கூப்பிட்டாள். அந்த வேலைக்காரி இரண்டு தடவை பனியில் நடந்துவந்து கெஞ்சினாள். டேசி அவளுக்குச் சூடாகக் காப்பி கொடுத்துத் திருப்பியனுப்பினாள்.

பனி உருகுமுன் அம்மா செத்துப்போனாள். சங்கத்தின் விருந்து அதே வாரத்தில் இருந்தது. லெட்டிஷியா அதற்குப் போய்வந்தாள்.