செவ்வாய்க்கிழமைக் கேள்வி

செவ்வாய்க்கிழமை என்றால் என் கணவர் மீலூத் காலையிலேயே முகம் மழித்துக்கொள்வார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தேநீருக்கான புதினாக் கட்டைத் தானே அலசித் தட்டில் வைத்துவிடுவார். பல்கலைக்கழகத்துப் பெண் வரும் நாள் அது. பெயர் வியாம், மருத்துவப் படிப்பில் கடைசி வருடம். இரத்த அழுத்தத்துக்கான ஒரு புது மாத்திரையைப் பற்றி அவர்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்குப் பழையது. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற வியாமுக்கும் தெரியாது.

இது எனக்கு விளங்கவே இல்லை. என்ன மருந்து என்று தெரியாமலா ஒருவர் கொடுப்பார், இன்னொருவர் விழுங்குவார்? கேட்டால் மீலூத், தானே அந்த ஆராய்ச்சியை நடத்துகிறவர் போல, "தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும் ரஹ்மா, அதுக்குத்தான் மறைக்கிறாங்க" என்பார். ஒரு மடக்குத் தேநீர் குடித்துவிட்டு, "எனக்கும் சரியா விளங்கல" என்பார்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சுகாதார நிலையத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள்; எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறாக இருந்தது. காசாபிளாங்காவுக்கு வெளியே ஒரு ரயில்வே கேட்டில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது.

தெருமுனைக் காப்பிக்கடையில் அவருடைய நண்பர் புஷ்தா இதை வைத்தே பொழுதை ஓட்டினார். "பல்கலைக்கழகத்து எலி வந்துடுச்சு, சீஸ் எடுத்து வைங்கப்பா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வாராம். மீலூத் விடமாட்டார். "எலியாவது ஒரு காரியத்துக்கு ஆகுது புஷ்தா. நீ எதுக்கு ஆன?"

வியாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிடும். நல்லா இருக்கீங்களா, உடம்பு தேவலையா, வீட்டுல எல்லாரும் சுகமா என்று அவள் கேட்க, அம்மா எப்படி இருக்காங்க, படிப்பு எப்படி, தூங்குறியா என்று இவர் கேட்க, யாரும் யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே சோபாவில் போய் உட்கார்வார்கள். கையில் பட்டையைக் கட்டி மெஷினில் அழுத்தம் பார்ப்பாள். பிறகு அதே மூச்சில், அதே சிரிப்போடு, "தலைச்சுத்தல், மயக்கம், மூச்சு வாங்கறது ஏதாவது உண்டா பெரியப்பா?" என்பாள். மீலூத் தேநீரை உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றியபடி, "அல்ஹம்துலில்லாஹ் மகளே, ஒரு குறையும் இல்ல" என்பார். அவளும் குறை இல்லை என்று எழுதிக்கொள்வாள்.

குறை இருந்தது. மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சில நாள் எழுந்தவுடன் மறுபடி உட்கார்ந்துவிடுவார். கேட்டால் வெயில் என்பார். மழைக்காலத்தில் கேட்டால் ஈரக்காற்று என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பொறுக்க முடியாமல், "முந்தாநேத்து மாடிப்படியில இவரு..." என்று ஆரம்பித்தேன்.

"மாடியில பூனை குட்டி போட்டிருக்கு, அதைச் சொல்ல வர்றா" என்று அவர் முந்திக்கொண்டார்.

பூனை குட்டி போட்டிருந்தது உண்மைதான். வியாமுக்குப் பூனை என்றால் உயிர். பார்த்தே ஆகவேண்டும் என்றாள். தானே இழுத்துவிட்ட பேச்சு, மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினார். பாதிப் படியில் அவர் குரல் கேட்டது. தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு எழ மறுத்த ஒரு ஆட்டின் கதை. ரயிலையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஆட்டுக்காரன் வந்து ரயில் ஓட்டுநரிடம், என் ஆடு உனக்கு முன்னாடியே இங்க வந்துடுச்சு என்று சண்டை போட்டான். அந்தக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றுபோல அவர் நீட்டிச் சொன்னதில்லை. மேலேயிருந்து வியாம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் போன பிறகு சண்டை போட்டேன். "கேக்கத்தானே அந்தப் பொண்ணு வருது? உள்ளதைச் சொன்னா என்ன?"

"இந்த வேலையை முடிச்சாத்தான் அவ டாக்டராக முடியும். நான் தலை சுத்துதுன்னு சொன்னா மருந்து மோசம்னு ஆயிடும். நம்ம வீட்டுல கை நனைக்கிற பொண்ணுக்கு நானா கெடுதல் பண்றது?"

"அப்ப விலகிடுங்க. விலகலாம்னுதானே சொன்னாங்க."

"பாதிச் சாப்பாட்டுல எழுந்து போகச் சொல்றியா?" என்றார். அவர் சொல்வதும் சரி போலவே இருந்தது, நான் சொல்வதும் சரி போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை கறியோடு கூஸ்கூஸ் ரவைச்சோறு சாப்பிட்டு முடித்ததும், மிச்சமிருந்த கறித்துண்டுகளைப் பூனைக்கு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தட்டு விழுந்த சத்தம் முதலில் கேட்டது. அவர் விழுந்த சத்தம் பிறகு.

இதயம் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உட்கார்ந்திருக்கும்போது மெஷினில் அகப்படாதாம். திடீரென்று வந்து போகுமாம். பேஸ்மேக்கர் வைத்தால் சரியாகிவிடும், காலையில் வைத்துவிடலாம் என்றார்கள். தலையிலும் பலமான அடி. ஓர் இளம் டாக்டர் குனிந்து, "எப்படி இருக்கீங்க ஹாஜி?" என்று கேட்டார். மீலூத் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, விருந்தாளியை வரவேற்பதுபோலப் புன்னகை செய்து, அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் கேட்ட கடைசிச் சொல் அதுதான். காலைக்கு அவர் இல்லை.

நான் துக்கத்துக்கு வெள்ளை உடுத்து உட்கார்ந்திருந்த நாட்களில் வியாமும் அவளுடைய பேராசிரியையும் வந்தார்கள். துக்க வீட்டுக்குப் போகும் வழக்கப்படி, கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டி கொண்டுவந்திருந்தார்கள். புஷ்தா அப்போது அங்கே இருந்தார். மீலூத்தைக் கிண்டல் செய்த அந்த வாயால் அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரையைக் கண்டதும் கொதித்துவிட்டார்.

"மாத்திரையைக் கொடுத்து மனுசனைக் கொன்னுட்டு, சர்க்கரை எடுத்துட்டு வர்றீங்களா?"

வியாம் வாசலிலேயே நின்றுவிட்டாள். பேராசிரியை மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டது எந்த மாத்திரை என்று கேட்டேன். அவர் இறந்த பிறகு, மறைத்து வைத்திருந்த பட்டியலை எடுத்துப் பார்த்ததாகவும், அது புது மாத்திரைதான் என்றும் சொன்னார். மறைக்கவில்லை.

"அதுதான் கொன்னுச்சா?"

"தெரியலம்மா."

"உங்களுக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவருக்குத் தலை சுத்தும்னு ஆஸ்பத்திரியில சொன்னீங்களாமே, அது எப்ப ஆரம்பிச்சது? மாத்திரை சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடின்னா அது அவர் இதயத்தோட கோளாறு. பின்னாடின்னா மாத்திரையைச் சந்தேகப்படணும், சாப்பிடற மத்தவங்களையும் காப்பாத்தணும். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். சந்தையில் ஒருமுறை மீன்காரரின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அது எப்போது? அன்று வியாமை எங்களுக்குத் தெரியுமா? மீன் விலையைக் கேட்டுத் தலை சுற்றிவிட்டது என்று அவர் சொன்னதும் நான் சிரித்ததும்தான் நினைவு வந்தது. எந்த மாதம் என்று வரவில்லை. என்னிடமும் அவர் அல்ஹம்துலில்லாஹ்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை மீது கோபப்பட வேண்டுமா, இதயத்தின் மீதா, இவர்கள் மீதா, அவர் மீதேவா? எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபம் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்தது. என் புருஷன் எதனால் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை.

"இவ்வளவு பேர் சேர்ந்திருக்காங்க, ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லல" என்றார் பேராசிரியை. "நாங்க சந்தோஷப்பட்டோம். பயந்திருக்கணும்."

வியாம் அப்போதுதான் வாய் திறந்தாள். "படியில பாதியில நின்னு ஆட்டுக் கதை சொன்னாரு பெரியம்மா. என் மேல பாசத்துல சொல்றாருன்னு நெனச்சேன். மூச்சு வாங்க நின்னிருக்காரு."

அவளை உள்ளே வரச்சொல்லி உட்கார வைத்தேன். பாசத்தில் சொன்னதும் உண்மைதான் என்றேன். பிறகு அவர் வேலை பார்த்த ரயில்வே கேட்டைப் பற்றிச் சொன்னேன். கல்யாணமான புதிதில் அங்கேதான் குடியிருந்தோம். ரயில் வரும் முன்பு ஸ்டேஷனிலிருந்து போன் வரும், கேட் மூடியாச்சா என்று. மூடியது இவர் கைதான், சற்று முன்புதான். ஆனாலும் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். மழையானாலும் அப்படித்தான். போனில் காத்திருப்பவர் கத்தினாலும் அப்படித்தான்.

"நீ கேட்டதும் அந்த மாதிரிக் கேள்விதான்னு அவருக்கு யாரும் சொல்லலம்மா. வீட்டுக்கு வந்த பொண்ணு நலம் விசாரிக்குதுன்னு நெனச்சாரு. கேட் மூடியாச்சான்னு கேக்கற மாதிரிக் கேட்டிருந்தா, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லியிருப்பாரு."

அவள் அழுதாள். புஷ்தா அந்தச் சர்க்கரைக் கூம்பை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஆராய்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டு, எல்லோர் வீட்டுக்கும் மறுபடி போனார்களாம். இது எதற்காகக் கேட்கிற கேள்வி என்று முதலில் சொல்லிவிட்டு, தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்களாம். ஒருவருக்குக் கால் வீக்கம், ஒருவருக்கு விடாத இருமல், புது மாத்திரை, பழைய மாத்திரை சாப்பிட்ட இரு தரப்பிலும் சிலருக்குத் தலைச்சுற்றல். ஒரு மனிதர் முதல் நாளிலிருந்தே மாத்திரையைச் செடித்தொட்டியில் போட்டு வந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாம். எல்லோரும் நல்ல மனிதர்கள். வியாம் இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டோம்.

துக்க காலம் முடிந்து வெள்ளையைக் களைந்த பிறகு, முதியவர்களின் தலைச்சுற்றல் பற்றிப் பல்கலைக்கழகம் வேறோர் ஆய்வு தொடங்கியது. மாத்திரை கிடையாது, பரிசோதனைகளும் கேள்விகளும் மட்டும். நான் சேர்ந்தேன். புஷ்தா வந்து, "ஒருத்தர் போனது போதாதா அண்ணி?" என்று கேட்டார். என்னைப்போல எதனால் என்று தெரியாமல் இன்னொருத்தி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முதல் செவ்வாய்க்கிழமை வியாம் வந்தபோது புஷ்தாவும் வேவு பார்ப்பவர்போல வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நலம் விசாரிப்பெல்லாம் வழக்கம்போல் முடிந்தது. பிறகு அவள் கேட்டாள்: "தலைச்சுத்தல், தடுமாற்றம் ஏதாவது உண்டா பெரியம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வியாம் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். "பெரியம்மா, இது கேட் கேள்வி" என்றாள் மெதுவாக.

கையிலிருந்த தேநீர்க் கெண்டியைத் தட்டில் வைத்தேன். கண்ணை மூடி, மீலூத் வெளியே போய்க் கேட்டைப் பார்ப்பதுபோல, தலையிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். அதற்குச் சற்று நேரமானது. அவள் காத்திருந்தாள்.

"முதல்ல சொன்னது படைச்சவனுக்கு" என்றேன். "இப்ப உனக்குச் சொல்றேன், எழுதிக்கோ. குனிஞ்சு நிமிந்தா வீடு சுத்துது. இடது காது இரையுது. அவர் போனதுக்கு முன்னாடி இது இல்ல."

புஷ்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சொன்னேன். "ஆராய்ச்சிக்குப் போறதும் போகாததும் அவங்கவங்க இஷ்டம். போனா உள்ளதைச் சொல்லணும். மரியாதைக்காகப் பொய் சொல்றது, கேக்கறவங்களுக்குச் செய்யற உதவி இல்ல. நமக்கும் கெடுதல், நமக்குப் பின்னாடி அந்த மருந்தைச் சாப்பிடப் போறவங்களுக்கும் கெடுதல். கேக்கறவங்களும் மரியாதைக்காகக் கேக்கக்கூடாது. பதில் வர்ற வரைக்கும் காத்திருந்து கேக்கணும்."

வியாம் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்படி இருக்கீங்க பெரியப்பா?"

"எனக்கென்ன, சிங்கம் மாதிரி..." என்று புஷ்தா வழக்கம்போல் தொடங்கினார். மீலூத் உட்காரும் இடத்தைப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"நாற்காலியை விட்டு எழுந்தா கண்ணு இருட்டுதும்மா" என்றார். "ரொம்ப நாளா."