அப்பா கேட்டு வாங்கின மழை

எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் கடைசியில் என் தலையில்தான் விடியும். நான் பன்னிரண்டாவது முடித்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. அப்பா ஏசுபாதம் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்தத் தோட்டக்காரர். இருபது வருடமாக விஞ்ஞானிகள் வீட்டு வாசலில் புல் வெட்டுகிறவருக்கு, ஜெனிஃபராகிய நான் பிசிக்ஸ் படிக்க வேண்டும். அம்மா மார்கரெட் திருக்கழுக்குன்றத்தில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிறாள். அங்கே சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேடம் பி.ஏ. வரலாறு படித்து, குரூப் தேர்வு எழுதி வந்தவராம். ஆகவே நான் வரலாறு படிக்க வேண்டும். மூன்று நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள், இப்போதெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாம் என்று பிரவுசிங் சென்டர் தீனதயாளன் அண்ணன் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். எனக்கும் போட்டார்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை செங்கல்பட்டில் பி.எஸ்சி. ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்தில் கரஸ் என்கிற அஞ்சல்வழி வகுப்பு, பி.ஏ. ஊசலை ஆட்டிவிட்டு இருபது ஆட்டம் எண்ணுவேன். சோழர் காலத்து ஏரி வாரியத்தில் எத்தனை பேர் என்று எண்ணுவேன். இரண்டிலும் நல்ல மார்க்தான். எது கஷ்டம் என்று கல்லூரியில் கேட்பார்கள். கஷ்டம் என்று ஒன்று இருந்தால்தானே சொல்ல. ஈரத்துணியில் சுற்றி வைத்த கை மாதிரி மரத்துப்போய் இருந்தது எனக்கு, மூன்று வருடமாக. பசிகூட எடுக்காது. மணி பார்த்துத்தான் சாப்பிடுவேன்.

ஐந்தாவது செமஸ்டரில் பிசிக்ஸ் கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சலில் விழுந்தேன். அப்பா பூஞ்சேரி ஜெபவீட்டுக்குப் போய், மழை பெய்து பரீட்சை தள்ளிப்போக வேண்டும் என்று எல்லாரையும் ஜெபிக்கச் சொன்னார். புயல் சின்னம் ஏற்கெனவே கடலில்தான் நின்றிருந்தது. அதை யார் அப்பாவிடம் சொல்வது? விடியற்காலை கலெக்டர் லீவு விட்டார். அந்த ஞாயிறு அப்பா எழுந்து நின்று சாட்சி சொன்னாராம், மகளுக்காக மழையை இறக்கின தேவனுக்கு நன்றி என்று. எல்லாரும் கைதட்டினார்களாம். நான் போர்வைக்குள் இருந்தேன்.

திங்கட்கிழமை புதிய தேதி வந்தது. இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை பத்து மணி. அதே சனிக்கிழமை அதே பத்து மணிக்குத்தான் கேளம்பாக்கத்தில் வரலாற்றுக் கடைசிப் பரீட்சை.

கல்லூரியில் போய்ச் சொன்னேன். உன்னை யார் இரண்டு படிக்கச் சொன்னது என்றார்கள். கரஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன். தேதி ஊருக்கே பொது என்றார்கள். எதை விட்டாலும் அரியர். பிசிக்ஸில் அரியர் இருந்தால் அப்பா கல்பாக்கத்தில் கேட்டு வைத்திருந்த பயிற்சி வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. வரலாற்றில் அரியர் விழுந்தால் ஒரு வருடம் போய்விடும். அம்மா அதுவரை அந்த மேடத்தின் முகத்தில் எப்படி விழிப்பாள்? வீட்டில் சொன்னேன். கேட்டு வாங்கின மழை என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னாள்.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடியில் காய்ந்த துணி எடுக்கப் போனபோது அப்பா பின்னாலேயே வந்தார்.

"ஜெனி, அம்மாவுதையே எழுதிடு. பாவம், ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிகினு கீது. எனுக்கு இன்னா, புல்லு வெட்டிப் பழகிப்போச்சி. நான் சொன்னேன்னு அதுகிட்ட சொல்லாத."

சரி என்றேன்.

காலையில் தலை பின்னிவிடும்போது அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாவுதப் போய் எழுதுடி. அந்த மனுசன் வெயில்ல நின்னு நின்னு கருகிப் போய்கீறாரு. நான் சொன்னேன்னு மூச்சு வுடாத."

அதற்கும் சரி என்றேன். இரண்டு ஹால் டிக்கெட்டும் ஒரே கவரில் இருந்தன.

பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் இந்தப் பக்கம் நின்றால் செங்கல்பட்டு பஸ், அந்தப் பக்கம் நின்றால் கேளம்பாக்கம் பஸ். நான் நின்றிருந்த இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. "எங்கம்மா போவணும்?" என்றார் டிரைவர்.

எனக்கு எங்கே போக வேண்டும் என்று மூன்று வருடத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பதில் இருக்கும் இடம் காலியாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். செங்கல்பட்டு பஸ் போயிற்று. கேளம்பாக்கம் பஸ் போயிற்று. அதே ஆட்டோ திரும்பி வந்து, அதே கேள்வி. மூன்றாவது தடவை வந்தபோது அவர் கேட்கவில்லை. பத்து மணி ஆனபோது பயம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. ஒரு மணி வரை நிழற்குடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நல்லா எழுதினாயா என்று அப்பா கேட்டார். ம் என்றேன். அம்மா தனியாகக் கேட்டாள். அதற்கும் ம்.

மறுநாள் வகுப்பு இல்லாததால் நானும் ஜெபவீட்டுக்குப் போனேன். பெண்கள் பக்கம் பாயில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். சாட்சி நேரத்தில் அப்பா எழுந்தார்.

"அன்னிக்கி மழயக் குடுத்த தேவன், இப்போ எனுக்கு வுட்டுக்குடுக்கற மனசையும் குடுத்தாரு. என் ஆசய வுட்டுட்டேன். எம் பொண்ணு அவங்க அம்மா ஆசப்பட்ட பரீச்சைய நல்லா எழுதிட்டு வந்துகீது."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன். அம்மா மட்டும் சொல்லவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ எதத்தான்டி எழுதின?"

"ரெண்டும் எழுதலம்மா."

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அப்பா எல்லாரையும்விட உரக்கப் பாடினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் விடவில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மணியே பார்க்காமல், பசி எடுத்தது.